ஆண்டுதோறும் மாறும் எஸ்.டி.ஐ.: மாடல் ஆண்டைப் படித்துத் தேர்வு செய்வது எப்படி?

பெர்ஃபாமன்ஸ் செடான் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க நினைப்பவர், அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் முதலில் கேட்பது "எந்த ஆண்டு மாடல் நல்லது?" என்பதைத்தான். ஒருவர் 2005 என்பார். இன்னொருவர் 2007 என்பார். மூன்றாமவர் 2018க்கு முந்தைய எதையும் தொட வேண்டாம் என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தம் வண்டியில் இருக்கிற அல்லது இல்லாமற்போன ஒரு குறிப்பிட்ட பாகத்தை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். அந்தப் பாகம் எது என்று தெரிந்துகொண்டால்தான் அவர்களுடைய பதில் நமக்குப் பயன்படும். ஆகவே எந்த ஆண்டு நல்லது என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த ஆண்டில் என்ன மாறியது, அந்த மாற்றம் நான் ஓட்டும் விதத்துக்குப் பயன் தருமா, அது இல்லாத வண்டியில் அதைப் பின்னர் பொருத்திக்கொள்ள முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.

இந்த முறையை விளக்க அமெரிக்கச் சந்தையில் விற்பனையான சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரையும், அதன் கூடுதல் திறன் கொண்ட பதிப்பான எஸ்.டி.ஐ.யையும் எடுத்துக்கொள்கிறேன். எஸ்.டி.ஐ. அங்கே 2004 மாடல் ஆண்டில் அறிமுகமாகி 2021உடன் முடிந்துவிட்டதால், அதன் வரலாறு முழுவதையும் ஒரே பார்வையில் காண முடிகிறது. 2.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம், பிரெம்போ பிரேக் என்ற அடிப்படை அமைப்பு தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் இருந்தது. அதைச் சுற்றியிருந்த மற்றவையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட்டன. அடிப்படை ஒன்றாகவே இருப்பதால், ஒரு திருத்தம் உண்மையில் என்ன பயன் தந்தது என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான வண்டி எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

முதலில் ஆண்டை உறுதி செய்யுங்கள்

விற்பவர் சொல்லும் ஆண்டு பல நேரங்களில் வண்டி முதலில் பதிவான ஆண்டாகவோ, அதை அவர் வாங்கிய ஆண்டாகவோ இருந்துவிடுகிறது. அமெரிக்க விதிப்படி ஒரு மாடல் ஆண்டுக்குள் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்ற ஒரே ஒரு புத்தாண்டு நாள் மட்டுமே அடங்கலாம்; அதனால் 2009 மாடல் என்று விற்கப்படும் வண்டி 2008ஆம் ஆண்டின் கோடையிலேயே தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்திருக்கலாம். தயாரிப்பு ஆண்டும் மாடல் ஆண்டும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மாடல் ஆண்டை அறிய, வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணில் பத்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 4 இருந்தால் 2004, 9 இருந்தால் 2009. அதன்பின் எழுத்துகள் தொடங்குகின்றன: 2010க்கு ஏ, 2011க்கு பி, 2015க்கு எஃப். ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் எண்களோடு குழம்பும் என்பதால் அடையாள எண்ணில் எங்கும் பயன்படுத்தப்படுவதில்லை. எனவே 2018க்கு ஜே, 2019க்கு கே, 2021க்கு எம் என்று வரிசை செல்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சான்று அட்டையில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் குறித்துக்கொண்ட பிறகு, அதே அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். டகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரம், சுபாருவின் சாதாரணக் காரான இம்ப்ரேசாவின் பல ஆண்டு மாடல்களையும் அவற்றின் வழிவந்த இவ்வண்டிகளையும் தொட்டது. பழைய வண்டியில் அந்த வேலை செய்யப்பட்டதா என்பதைப் பேரம் பேசத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானில் சுபாரு இதே செய்தியை வேறு முறையில் சொல்கிறது. அங்கே ஒரு தலைமுறைக்குள், அதாவது ஒரே அடிப்படை வடிவமைப்பு நீடிக்கும் காலத்துக்குள், நடக்கும் ஒவ்வோர் ஆண்டுத் திருத்தத்துக்கும் ஏ, பி, சி என்று வரிசையாக எழுத்து கொடுக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த, ஜி.டி.பி. என்ற குறியீடு கொண்ட எஸ்.டி.ஐ. இவ்வாறு ஏ முதல் ஜி வரை சென்றது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டியையோ பாகங்களையோ வாங்குபவர்கள் இந்த எழுத்தைக் கேட்டே பேச வேண்டும். ஏனெனில் 2004இல் ஜப்பானில் வந்த இ வகைக்கும் அமெரிக்காவில் 2005 மாடலாக விற்கப்பட்ட வண்டிக்கும் பொதுவான மாற்றங்கள் உண்டு; ஆண்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஒரு படி தவறிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்: 2004, 2005

ஆண்டுத் திருத்தங்களில் உரிமையாளர்கள் மிக அதிகமாகப் பேசுவது வண்டியின் முகத்தைப் பற்றி; மிக அதிகமாகப் பணம் செலவழிப்பதோ அதற்குத் தொடர்பில்லாத ஒன்றுக்காக. 2004 எஸ்.டி.ஐ.யையும் 2005 எஸ்.டி.ஐ.யையும் அருகருகே நிறுத்தினால் முன்புறம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் 2004இல் சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருந்தன. 2005இல் அந்த வட்டம் 114.3 மில்லிமீட்டராகப் பெரிதாக்கப்பட்டது, சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப் வலுவானது, சக்கரத்தின் அகலம் 7.5 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது.

இதன் விளைவு நாளாக ஆகத்தான் தெரியும். 114.3 அளவில் சந்தையில் கிடைக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை மிக அதிகம். 100 அளவில் அகலமான நல்ல சக்கரம் தேடுபவர் குறைந்த தேர்வுக்குள் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பந்தயத் தடத்துக்கு அடிக்கடி செல்பவர்கள் பழைய ஹப்பின் பேரிங்குகள் விரைவில் தேய்வதைக் குறையாகச் சொல்கிறார்கள். 2005இன் ஹப்பையும் அதைத் தாங்கும் பாகங்களையும் வாங்கி 2004இல் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அது செய்யக்கூடிய வேலைதான் என்றாலும், நான்கு சக்கரங்களுக்கும் பாகம், கூலி, புதிய சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு ஆண்டு மாடல்களுக்கு இடையிலான விலை வேறுபாட்டை எளிதில் தாண்டிவிடும்.

எனவே 2004ஐ வாங்குவது தவறா? அன்றாடம் அலுவலகத்துக்கும் விடுமுறையில் மலைப்பாதைக்கும் ஓட்டுபவர், தொழிற்சாலை கொடுத்த சக்கரங்களையே வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால், இந்த மாற்றம் அவரைத் தொடவே தொடாது. அவர் நல்ல நிலையில் உள்ள 2004ஐக் குறைந்த விலையில் வாங்குவதே அறிவுடைமை. தடத்தில் ஓட்ட விரும்புபவருக்கு மட்டும் 2005 முதல் உள்ளவை என்று எல்லை வகுப்பது பொருந்தும். ஒரே மாற்றம் ஒருவருக்கு முடிவைத் தீர்மானிப்பதாகவும் இன்னொருவருக்குப் பொருட்டே இல்லாததாகவும் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதனோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை: எஸ்.டி.ஐ. 114.3க்கு மாறிய பிறகும் சாதாரண டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2014 வரை 100 அளவிலேயே தொடர்ந்தது. 2015இல்தான் அதுவும் மாறியது. பழைய சக்கரங்களைத் தனியாக வாங்குபவர்கள் பெயரையும் ஆண்டையும் இரண்டையும் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

எண் குறைந்தால் எஞ்சின் மெலிந்ததா?

எஸ்.டி.ஐ. 300 குதிரைத்திறன் என்ற அறிவிப்போடு வந்தது. 2007 மாடலுக்கு அந்த எண் 293 என்று குறைந்தது. அதே ஆண்டில் டபிள்யூ.ஆர்.எக்ஸ். 230இலிருந்து 224 ஆனது. இதைப் பார்த்து 2007ஆம் ஆண்டில் எஞ்சினை மட்டுப்படுத்திவிட்டார்கள் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். உண்மையில் மாறியது அளவிடும் முறை. வாகனப் பொறியாளர் சங்கம் திறனை அளக்கும் விதிகளைத் திருத்தி இறுக்கியபோது பல நிறுவனங்களின் எண்கள் ஏறின அல்லது இறங்கின. எஞ்சினின் உள்ளே எந்தப் பாகமும் மாறாமலே எண் மாறியது.

ஆகவே விளம்பரத் தாளில் ஒரு எண் மாறியிருந்தால், அதற்குக் காரணமான பாகத்தைத் தேடுங்கள். பாகம் அகப்பட்டால் மாற்றம் உண்மையானது. அகப்படாவிட்டால் அது காகிதத்தில் மட்டும் நடந்தது. 2019இல் எஸ்.டி.ஐ. 305இலிருந்து 310 ஆனபோது காற்று உள்ளிழுக்கும் பகுதியும் எஞ்சின் கட்டுப்பாட்டு நிரலும் திருத்தப்பட்டன, மூன்றாவது கியரின் விகிதமும் மாற்றப்பட்டது. ஐந்து குதிரைத்திறன் என்பது ஓட்டும்போது பெரிதாக உணரத்தக்கதன்று. நடு வேகத்தில் முந்திச் செல்லும்போது மூன்றாவது கியரின் மாற்றம்தான் சற்றுத் தெரியும். உரிமையாளர்களோ ஐந்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

உரிமையாளர்களின் குரல் கேட்கப்பட்ட ஆண்டு

2008இல் புதிய தலைமுறை வந்தது. எஸ்.டி.ஐ. அமெரிக்காவில் ஹேட்ச்பேக் வடிவில் மட்டுமே விற்கப்பட்டது. செடான் வேண்டுமென்றால் சாதாரண டபிள்யூ.ஆர்.எக்ஸ்.தான். அதுவும் முந்தைய ஆண்டின் 224 குதிரைத்திறனோடே, மென்மையாக்கப்பட்ட சஸ்பென்ஷனுடன், அமைதியான முகத்துடன் வந்தது. பழைய உரிமையாளர்கள் கசந்தார்கள். வண்டி அதன் குணத்தை இழந்துவிட்டது என்ற குறை எங்கும் எழுந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 2009 மாடலிலேயே, பெரிய டர்போ பொருத்தப்பட்டு டபிள்யூ.ஆர்.எக்ஸ். 265 குதிரைத்திறனை எட்டியது. சஸ்பென்ஷன் இறுக்கப்பட்டது, டயரும் மாறியது. ஒரே தலைமுறைக்குள், ஒரே ஆண்டு இடைவெளியில், 41 குதிரைத்திறன் கூடுவது மிக அரிது.

இது வாங்குபவர்களின் கருத்துக்கு நிறுவனம் செவிசாய்த்த அரிய நிகழ்வு என்று மகிழ்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் 2008ஐப் புதிதாக முழு விலை கொடுத்து வாங்கியவரின் இடத்திலிருந்து பார்த்தால், வாங்கிய சில மாதங்களிலேயே அதே வண்டி வேறொரு வண்டியாகிவிட்டது. அவர்களுடைய வருத்தம் நியாயமானது, இன்றுவரை மறுவிற்பனை விலையிலும் அந்த வேறுபாடு தொடர்கிறது.

பழைய வண்டி தேடுபவருக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, மென்மையான, வேகத்தைவிட வசதியை விரும்பும் ஒருவருக்கு, யாரும் விரும்பாத ஆண்டு என்ற ஒரே காரணத்தால் விலை குறைந்து கிடைக்கும் 2008 செடான் நல்ல வாய்ப்பு; குறையாகச் சொல்லப்பட்ட மென்மையையே அவர் தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, 2009ஐ எட்டிப்பிடிக்க வேண்டுமென்று பெரிய டர்போவையும் வெளியார் எழுதிய எஞ்சின் நிரலையும் சேர்த்துக்கொண்ட 2008 வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. அத்தகைய வண்டியை வாங்கும் முன் எந்தப் பாகம் சேர்க்கப்பட்டது, யார் நிரலைச் சீரமைத்தார், அதற்கான ரசீது எங்கே என்று கேளுங்கள். விடை தெளிவாக வரவில்லை என்றால் விலகிவிடுவதே மேல்.

2011இல் எஸ்.டி.ஐ. செடான் திரும்பி வந்தது. முன் சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகப் பில்லோ பால் என்ற உலோக உருண்டை மூட்டு வந்ததால் ஸ்டீரிங் கூர்மையானது. சாதாரண டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸும் அதே ஆண்டில் எஸ்.டி.ஐ.யின் அகன்ற உடலைப் பெற்றது. 2008 முதல் 2014 வரையிலான தலைமுறையில் செடானை விரும்புபவர் தயக்கமின்றி 2011இலிருந்து தேடத் தொடங்கலாம்.

முகத்தைப் பற்றிய கருத்துகளை எப்படி எடுத்துக்கொள்வது

2002இல் டபிள்யூ.ஆர்.எக்ஸ். அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் வட்டமான முகப்பு விளக்குகளைப் பலர் வெறுத்தார்கள். அந்த முகத்துக்குப் பக் ஐ (பூச்சிக் கண்) என்ற பட்டப்பெயரும் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில் முகம் மாற்றப்பட்டது. 2004, 2005 முகம் பிளாப் ஐ ஆனது. 2006, 2007 முகம் ஹாக் ஐ ஆனது. இன்று பக் ஐயைத் தேடித் தேடி வாங்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். வெறுக்கப்பட்ட முகமே அடையாளமாகிவிட்டது.

2022இல் வந்த புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். சக்கர வளைவுகளைச் சுற்றி அகன்ற கறுப்பு பிளாஸ்டிக் பட்டையோடு வந்தபோது இதே கோபம் மீண்டும் எழுந்தது. சிலர் அந்தப் பட்டைக்கு உடல் நிறத்திலேயே பெயின்ட் அடித்துக்கொண்டார்கள். 2.4 லிட்டர் எஞ்சினும் 271 குதிரைத்திறனும் அந்தச் சத்தத்தில் பேசப்படாமலே போயின. தோற்றத்தைப் பற்றி முதல் இரண்டு ஆண்டுகளில் சொல்லப்படும் கருத்து நிலைப்பதில்லை என்பதை இந்த வண்டியின் வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. முகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை நேரில் நின்று, வெயிலில், பக்கவாட்டிலிருந்தும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மற்றவர்களின் கோபத்தால் விலை இறங்கியிருந்தால் அது உங்களுக்கு ஆதாயமே.

உரிமையாளர்களின் பிற கருத்துகளைக் கேட்கும்போது, சொல்பவர் எந்த ஆண்டு மாடலை வைத்திருக்கிறார், எவ்வளவு காலமாக, அதற்கு முன் எதை ஓட்டினார் என்பதை அறிந்துகொள்வது அவசியம். தன்னிடமுள்ள ஆண்டைப் புகழ்வது மனித இயல்பு. ஒரு தலைமுறையின் தொடக்க ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் இரண்டையும் சொந்தமாக வைத்து ஓட்டியவரின் சொல்லுக்குத்தான் மிகுந்த எடை உண்டு. அடுத்த நிலையில், பல ஆண்டு மாடல்களையும் பிரித்துப் பார்த்திருக்கும் சுபாரு மெக்கானிக் வருகிறார். அவருக்கு எந்த ஆண்டு மேலும் பாசம் கிடையாது, எந்த வேலை அடிக்கடி வருகிறது என்பது மட்டும் நினைவில் இருக்கும். சோதனை ஓட்டம் மட்டும் செய்துவிட்டுப் பேசுபவரின் கருத்து கடைசியில் நிற்கட்டும்.

முதல் ஆண்டைத் தவிர், கடைசி ஆண்டை வாங்கு என்னும் நம்பிக்கை

ஒரு தலைமுறையின் முதல் ஆண்டில் குறைகள் இருக்கும், கடைசி ஆண்டில் அவை திருத்தப்பட்டிருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதில் உண்மை உண்டு. ஆனால் அதை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது.

2015ஐப் பாருங்கள். அது தலைமுறையின் முதல் ஆண்டு. டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸுக்கு எரிபொருளை நேராக உருளைக்குள் செலுத்தும் புதிய 2 லிட்டர் எஃப்.ஏ. 20 எஞ்சினும், மின்சார உதவியுள்ள ஸ்டீரிங்கும் வந்தன. அதற்கு முதல் ஆண்டு எச்சரிக்கை பொருந்தும். எஸ்.டி.ஐ.யோ 305 குதிரைத்திறன் கொண்ட பழைய 2.5 லிட்டர் எஞ்சினான இ.ஜே. 257ஐயும் ஹைட்ராலிக் ஸ்டீரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டது. உடல் புதிது, இயந்திரம் பழகியது. ஒரே ஆண்டு, ஒரே கடையில் அருகருகே நின்ற இரண்டு வண்டிகளுக்கு இரண்டு வேறு தீர்ப்புகள்.

கடைசி ஆண்டைப் பொறுத்தவரை, புதிய தலைமுறை டபிள்யூ.ஆர்.எக்ஸ். அடிப்படையில் பெட்ரோல் எஸ்.டி.ஐ. வராது என்று சுபாரு 2022 மார்ச்சில் அறிவித்தது. அதனால் 2021 எஸ்.டி.ஐ. கடைசி மாடல் என்ற மதிப்பைப் பெற்றது, அதற்கேற்ப விலையும் கேட்கப்படுகிறது. ஆனால் இயந்திர அளவில் 2019, 2020, 2021 ஆகிய மூன்றும் அதே 310 குதிரைத்திறன் வண்டிகளே. ஓட்டுவதற்காக வாங்குபவர் 2019ஐ நல்ல பராமரிப்புப் பதிவுகளோடு வாங்கி, மிச்சப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கட்டும். பாதுகாத்து வைப்பதற்காக வாங்குபவருக்கு மட்டுமே கடைசி என்ற சொல்லுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பொருளுடையது.

சிறப்புப் பதிப்புகளிலும் இதே கணக்கைப் போடுங்கள். 2018இல் அமெரிக்காவுக்கு 500 வண்டிகள் மட்டும் என்று வந்த டைப் ஆர்.ஏ. முதலில் 310 குதிரைத்திறனைத் தனக்கே உரியதாக வைத்திருந்தது; மறு ஆண்டே அது எல்லா எஸ்.டி.ஐ.க்கும் கிடைத்தது. கார்பன் ஃபைபர் கூரையும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர்களும் பி.பி.எஸ். சக்கரங்களும் மட்டும் அதற்குத் தனித்து நின்றன. 209 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்ட, 341 குதிரைத்திறன் கொண்ட எஸ்209 அப்படியன்று. அதன் இயந்திரம் கடைசிவரை வேறெந்த எஸ்.டி.ஐ.யிலும் வரவில்லை. சிறப்புப் பதிப்புக்கு அதிக விலை கொடுக்கும் முன், அதன் சிறப்பில் எவ்வளவு அடுத்த ஆண்டு சாதாரண மாடலுக்கு இறங்கி வந்தது என்று பாருங்கள்.

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனைப் பின்பற்றுபவர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு, ஏனெனில் பெரிய திருத்தங்களுக்கு ரோமன் எண்களே அடையாளமாக இருந்தன. ஆயினும் அதே எவல்யூஷன் 8க்குள் அமெரிக்காவில் 2003இல் 271ஆக இருந்த குதிரைத்திறன் 2005இல் 276 ஆனது, எம்.ஆர். பதிப்பு ஆறு கியரையும் அலுமினியக் கூரையையும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பரையும் கொண்டுவந்தது. எண்ணுக்குள்ளும் ஆண்டு உண்டு.

பிரேக் மாறிய ஆண்டு: 2018

2018இல் எஸ்.டி.ஐ.யின் முன் பிரேக்குகள் நான்கு பிஸ்டனிலிருந்து ஆறு பிஸ்டனுக்கு மாறின. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் வந்தது; துளையிட்ட டிஸ்க்கும் 19 அங்குலச் சக்கரமும் வந்தன. முன், பின் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலில் முன்பிருந்த இயந்திரப் பூட்டுப் பகுதி நீக்கப்பட்டு, முழுவதும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறியது. வளைவுக்குள் வண்டி எளிதாகத் திரும்புகிறது என்று புதிய உரிமையாளர்கள் பாராட்டுகிறார்கள். இந்தப் பாராட்டு எனக்கு நியாயமாகவே படுகிறது, எஸ்.டி.ஐ.யின் வரலாற்றில் ஓட்டுபவர் உடனே உணரக்கூடிய ஆண்டுத் திருத்தங்களில் இது முதன்மையானது.

விலையையும் எண்ணிப் பாருங்கள். 19 அங்குல டயர் விலை கூடியது. பனிக்காலத்துக்குப் பழைய 17 அங்குலச் சக்கரங்களை வைத்திருப்பவர்கள் அவற்றை இந்தப் பெரிய காலிப்பரின் மேல் பொருத்த முடியாது. காலிப்பருக்கு இடம்விடும் 18 அங்குலச் சக்கரம் தேவைப்படும். பனி பொழியும் ஊரில் இருப்பவர் இரண்டாவது சக்கரத் தொகுதியின் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆண்டைவிட நிலைமைக்கு முதலிடம்

எந்த ஆண்டை முடிவு செய்தாலும், இ.ஜே. 257 எஞ்சினின் அடிப்படை அமைப்பு கடைசிவரை தொடர்ந்ததால், அதன் பலவீனங்களும் கூடவே வந்தன. பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் பகுதி உடைவது உரிமையாளர்கள் மிகவும் அஞ்சும் பழுது. தரம் குறைந்த பெட்ரோல், கவனமின்றி மாற்றப்பட்ட எஞ்சின் நிரல், குறைந்த ஆயில் ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. ஆகவே பணம் கொடுக்கும் முன் நான்கு உருளைகளுக்கும் கம்ப்ரஷன் சோதனையும் (உள்ளே எழும் அழுத்தத்தை அளப்பது) லீக் டவுன் சோதனையும் (அழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். தனித்தனி எண் எவ்வளவு என்பதோடு, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஓர் உருளை மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த வண்டி வேண்டாம்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. 1,05,000 மைலில் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் அட்டவணை. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். 2015 முதல் வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸின் எஃப்.ஏ. 20இல் சங்கிலி இருக்கிறது, ஆனால் எஸ்.டி.ஐ. 2021 வரை பெல்ட்டோடுதான் சென்றது. 90,000 மைல் ஓடிய வண்டியை வாங்குபவர் இந்த வேலையின் செலவை இப்போதே விலையில் கழித்துக் கேட்கலாம். ஆயில் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்கும் 2004 வண்டியையும், பதிவே இல்லாத 2014 வண்டியையும் ஒரே நாளில் காட்டினால், நான் 2004இன் பக்கமே நிற்பேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர் புதிய ஆண்டுக்கு மாற வேண்டுமா?

அடுத்த ஆண்டு மாடல் அறிவிக்கப்பட்டதும் தம் வண்டி பழையதாகிவிட்டதைப் போன்ற உணர்வு உரிமையாளர்களுக்கு எழுவது இயல்பு. அப்போது மாற்றங்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அதைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியுமா என்று குறியுங்கள். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், புஷ், பிரேக் பேட், இருக்கை ஆகியவை பெரும்பாலும் பொருந்தும். அதே தலைமுறைக்குள் என்றால் நிறுவனத்தின் சொந்தப் பாகமே கிடைக்கும். எஞ்சின் வகை, உடலின் அகலம், ஓட்டுநர் உதவி மின்னணு அமைப்பு ஆகியவை அப்படிப் பொருந்தா. 2024இல் மேனுவல் கியர் டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸுக்கும் ஐசைட் என்ற ஓட்டுநர் உதவிக் கேமரா அமைப்பு வந்தது. அது வேண்டுமென்றால் வண்டியைத்தான் மாற்ற வேண்டும். அதே ஆண்டில் வந்த டி.ஆர். பதிப்பின் ஆறு பிஸ்டன் பிரெம்போவும் ரெக்காரோ இருக்கையும் மட்டும்தான் ஈர்க்கின்றன என்றால், பாகங்களின் விலையை முதலில் விசாரித்துப் பாருங்கள்.

மாற்றுவதென்றே முடிவு செய்தவர், கழற்றிய மூலப் பாகங்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் விற்கும்போது அவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். எக்ஸாஸ்ட், காற்று வடிகட்டிப் பெட்டி, தொழிற்சாலைச் சக்கரங்கள், எஞ்சின் நிரலின் மூலப் பிரதி ஆகியவை கூடவே வரும் வண்டிக்கு, மாற்றங்களைப் பற்றிய சந்தேகம் இல்லாமல் வாங்க முன்வருபவர்கள் அதிகம். மாடல் ஆண்டில் ஒன்று கூடியிருப்பதைவிட அதற்குக் கிடைக்கும் விலை வேறுபாடு பல நேரங்களில் பெரிது.